ஃபைட்டரோடு நான் விட்ட நாலு மீன்

பாய்,

இன்று காலை சென்னை கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து பார்சல் வந்தது. அட்டைப் பெட்டியைக் கத்தியால் கீறியதும் கடை முழுக்க ஒரு வாசனை. காய்ந்த பாதாம் இலை. நாட்டுப் பாதாம் மரத்தடியில் நீங்கள் குனிந்து பொறுக்கி, கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்த அதே இலையை இப்போது பத்துப் பத்தாக அடுக்கி, பளபளப்பான உறையில் போட்டு, மேலே ஃபைட்டர் மீன் படம் அச்சடித்து அனுப்புகிறார்கள். வாசனை மட்டும் மாறவில்லை. ஊறின மரப்பட்டையின் துவர்ப்பு வாசனை. எத்தனை தடவை துவைத்தாலும் உங்கள் சட்டையை விட்டுப் போகாதது. பெட்டியை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. அலுப்புதான்.

கொஞ்ச நேரத்தில், ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். "அங்கிள், பெட்டா கூட வேற இன்னா மீன் போடலாம்? தனியா இருந்தா பாவமா இருக்கு" என்றாள். நாம் ஃபைட்டர் என்று சொன்னதை இன்றைய பிள்ளைகள் பெட்டா என்கிறார்கள். "தொட்டி எவ்ளோ பெரிசும்மா?" என்றேன். இரண்டு கைகளாலும் ஒரு தர்பூசணி அளவு காட்டினாள்.

"அதுல அவன் மட்டும் இருக்கட்டும். பாவம்லாம் நமக்குத்தான், அவனுக்கு இல்ல."

ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். அவள் போன பிறகுதான் தோன்றியது, நான் பேசியது என் பேச்சு இல்லை, உங்களுடையது.

என் பேச்சு எது என்று உங்களுக்குத் தெரியும். "போடலாம்மா, ஒண்ணும் ஆகாது." அதைச் சொல்லித்தான் இந்தக் கடையை வளர்த்தேன். சைக்கிளில் பாலிதீன் பைகளைத் தொங்கவிட்டு வாணியம்பாடிக்கும் பேரணாம்பட்டுக்கும் மிதித்த நாளில் வாயில் ஏறிய பேச்சு அது. ஃபைட்டரோடு கப்பி போடலாமா? போடலாம். ஏஞ்சல்? போடலாம். இன்னொரு ஆண் ஃபைட்டர்? அதை மட்டும் வேண்டாம் என்பேன், மறுநாளே திட்ட வந்துவிடுவார்கள் என்பதால். மற்றவை மெதுவாகத்தான் சாகும். செத்தால் அடுத்த வாரம் வேறு மீன் வாங்க வருவார்கள். செத்த மீனும் வியாபாரம்தான். இதை வேறு யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நீங்கள் முதல் தடவை கடைக்கு வந்தபோது, உங்கள் டேனரியில் மரப்பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும் தொட்டிகளை மூடிவிட்டு முழுக்கக் குரோம் ரசாயனத்துக்கு மாறியிருந்தார்கள். தொட்டி பார்த்த உங்களுக்கு வேலை போயிருந்தது. அதற்காக நீங்கள் புலம்பி நான் கேட்டதில்லை. "இத்தினி வருஷம் கழிச்சி கால் காஞ்சிருக்கு, சந்தோஷம்" என்றீர்கள். ஒரே ஒரு நீல ஃபைட்டர் வாங்க வந்தவர், அட்டை மறைப்பு வைத்து வரிசையாக அடுக்கிய பாட்டில்களுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றீர்கள். எனக்குப் பேஜாராகிவிட்டது.

"பாய், வாங்குறீங்களா, சும்மா பாக்குறீங்களா?"

"பாத்துட்டுத்தான் வாங்கணும் நைனா. பொண்ணு பாக்கவே ரெண்டு வாட்டி போறோம்."

உங்களைவிட இரண்டு வயதுதான் சின்னவன் நான். அன்றிலிருந்து உங்களுக்கு நான் நைனா. மறுநாள் வந்தீர்கள், அதற்கு மறுநாளும். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்கு வந்து முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. சம்பளம் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. ஒரு வருஷத்தில் வாடிக்கைக்காரர்கள் என்னைத் தாண்டி உங்களிடம்தான் கேட்டார்கள், ஃபைட்டரோடு எதைப் போடுவதென்று.

நீங்கள் துணை பார்க்கும் முறையே வேறு. கடையின் பின்னால் இருந்த மூன்றடித் தொட்டியின் நடுவில் ஒரு கண்ணாடிச் சட்டத்தைச் செருகினீர்கள். ஒரு பக்கம் ஃபைட்டர். மறுபக்கம் அவனோடு இருக்கப்போகிறவர்கள். மூன்று நாள். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து இருவரையும் பார்ப்பீர்கள். மூன்றாம் நாளும் ஃபைட்டர் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் வந்து மோதினால் அந்தத் துணை வேண்டாம். "நடுவுல கண்ணாடி இருக்கும்போதே இப்டின்னா, எடுத்தா இன்னா ஆவும்?" என்பீர்கள். மீன் வாங்க வந்தவர்களை மூன்று நாள் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள்.

"பாய், இது மீன் கடை, நிக்காஹ் மண்டபம் இல்ல" என்று கத்தினேன் ஒருநாள்.

"அங்கயும் மூணு நாள் பாக்க உட்டிருந்தா பாதி பேரு பொழச்சிருப்பான், நைனா."

நீங்கள் சொன்னதெல்லாம் இப்போது என் வாயில் இருக்கிறது. ஆண் கப்பிக்கு வால் பெரிது, கலர் ஜாஸ்தி, அதைப் பார்த்தால் ஃபைட்டர் தன் எதிரி என்று நினைப்பான். கௌராமி அவனுக்குப் பங்காளி முறை, பக்கத்தில் விடவே கூடாது. கீழே மணலைக் கிளறிக்கொண்டு திரியும் கோரி மீன்களை நீங்கள் மீசைக்காரனுங்க என்பீர்கள். "அவன் மாடியில, இவனுங்க கீழ் வீட்டுல. சண்டைக்கு நேரமே கெடையாது." அந்த மீசைக்காரர்களும் ஆறு பேராவது இருக்க வேண்டும், தனியாக விட்டால் பயந்தே செத்துவிடுவார்கள். சின்ன ராஸ்போரா சரி, நத்தை சரி. எல்லாரும் குடியேறி, செடி மறைவெல்லாம் பழகின பிறகு கடைசியாகத்தான் ஃபைட்டரை விட வேண்டும். "மொதல்ல உட்டா முழுத் தொட்டியும் என்னுதுன்னு பட்டா போட்டுக்குவான்." நம் ஊர் போர்த் தண்ணியை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இதுல கப்பி வளரும், நியான் மூணு நாள்ல போய்டும்" என்று சொல்வீர்கள். பிறகு நான் உப்பு பார்க்கும் மீட்டர் வாங்கினேன். மீட்டரும் நீங்கள் சொன்னதையே சொன்னது.

நீங்களும் ஒரு தப்பு செய்தீர்கள். ஒரே ஒரு தடவை. அது மழைக்காலம், காய்ந்த இலை கிடைக்கவில்லை. ஃபைட்டருக்கு இலை ஊறித் தேநீர் நிறமான தண்ணீர் பிடிக்கும், உடம்புக்கும் நல்லது. இலையிலிருந்து இறங்குவது தோல் பதனிடும் அதே துவர்ப்புதான் என்பது இந்த ஊரில் எல்லாரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். "எல்லாம் ஒரே துவர்ப்புதான நைனா" என்று சொல்லி, டேனரியில் தோலுக்குப் போடும் வாட்டில் மரப்பட்டைப் பொடியில் ஒரு பிடி வாங்கி வந்து, துணியில் முடிந்து, பதினொரு பெண் ஃபைட்டர்கள் இருந்த தொட்டியில் தொங்கவிட்டீர்கள். இலை கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைப் பட்டைப்பொடி ஒரேயடியாக விட்டது. மறுநாள் பதினொன்றும் மிதந்தன. வேறு எந்த ஊர் மீன் கடையிலும் இந்தத் தப்பு நடக்காது. அந்தப் பொடி எங்கே கிடைக்கும் என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது.

நீங்கள் அதை மறைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்களே சொன்னீர்கள். "பதினோரு பேருக்குப் பதம் போட்டவன் நானு. தோலா இருந்திருந்தா ஏ கிரேடு வந்திருக்கும்." எல்லாரும் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் நீங்கள் உங்கள் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு எந்தப் பொடியையும் நீங்கள் தண்ணீரில் போட்டதில்லை. என்னைவிட அது யாருக்கும் நன்றாகத் தெரியாது.

பிறகு அந்த ஷூ கம்பெனி ஆர்டர் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் வரவேற்பறையில் நாலடித் தொட்டி, நடுநாயகமாக ஒரு ஃபைட்டர், கூடத் துணைக்கு மற்ற மீன்கள். திங்கள்கிழமை ஆட்கள் வருகிறார்கள். தொட்டி பிடித்துவிட்டால் அவர்களுடைய மற்ற யூனிட்டுகளுக்கும் நாம்தான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நீங்கள் பத்து நாள் உட்கார்ந்து துணை பார்த்தீர்கள். அடர் சிவப்பில் ஒரு ஃபைட்டர், எட்டு மீசைக்காரர்கள், பத்து ராஸ்போரா, மூன்று நத்தை. சனிக்கிழமை கொண்டுபோய் விட்டோம். பாதாம் இலை ஊறி, தண்ணீர் லேசான பழுப்பில் அழகாகத்தான் இருந்தது. நீங்கள் ஒரு பேரணாம்பட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனீர்கள்.

ஞாயிறு மத்தியானம் மேனேஜர் போன் செய்தார். "இன்னாய்யா, தண்ணி டீ மாதிரி கீது, மீனுங்கல்லாம் எங்க போச்சின்னே தெரியல. பார்ட்டி வந்து பாக்கும்போது கலரா, ஓடியாடிக்கினு இருக்கணும்யா. எதனா போடு."

உங்களைக் கேட்டிருக்கலாம். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. கடையில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் நாலு மிச்சம் இருந்தன. துருதுருவென்று ஓடும், பார்வைக்கு எடுப்பாக இருக்கும், தொங்கும் வாலைக் கண்டால் கடிக்கும். தெரிந்தே கொண்டுபோய் விட்டேன். ஒரு நாள்தானே, பார்ட்டி போனதும் எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மேனேஜர், "இது கரெக்ட்" என்றார்.

திங்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த நீங்களும் நானும் ஓடினோம். ஃபைட்டரின் வால் அடிவரை இல்லை. மென்று துப்பிய நூல் போல நாலு இழை தொங்கியது. இலைக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தான், செவுள் மட்டும் அசைந்தது. மேலே நாலு பார்ப்பும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. பத்து மணிக்குப் பார்ட்டி வருகிறது. மேனேஜர் ஃபினிஷிங் பிரிவில் கூலியாகச் சேர்ந்து மேலே வந்த மனிதர், தோல்காரர். தொட்டிக்குள் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது, வாட்டில் தொட்டி வாடை வருது? டேனரி பொடியக் கொட்டினீங்களா?"

இல்லை, அது இலை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் மீன் இப்படிக் கிடக்கிறது என்பதாகத்தான் இருக்கும். அதற்கு என்னிடம் இருந்த பதில் அந்த நாலு மீன்.

"பாய்தான் சார். பழக்க தோஷத்துல போட்டுட்டாரு போல. ஏற்கெனவே ஒருவாட்டி கடையில இதே மாதிரி ஆச்சு" என்றேன்.

நீங்கள் கையில் வலையோடு என் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். நாலு பார்ப்பையும் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு மேனேஜரிடம், "ஆமா சார், என் தப்புதான்" என்றீர்கள். குனிந்து, வலையைப் போடாமல், அந்த ஃபைட்டரை உள்ளங்கையிலேயே ஏந்தி எடுத்தீர்கள்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் நீங்கள் ஒரே ஒரு விஷயம்தான் பேசினீர்கள். "டைகர் பார்ப் போடுறதா இருந்தா எட்டா போடு நைனா. நாலா இருந்தா அடுத்தவன் வாலத்தான் கடிப்பானுங்க. எட்டா இருந்தா அவனுங்களுக்குள்ளயே கடிச்சிக்குவானுங்க." நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கடை வருவதற்குள் ஃபைட்டர் செத்துவிட்டான்.

நாலு பார்ப் ஓடிய அந்தத் தொட்டி பார்ட்டிக்குப் பிடித்துவிட்டது, மற்ற யூனிட்டுகளின் வேலையும் நமக்கே கிடைத்தது. எனக்கே கிடைத்தது என்று எழுதுவதுதான் சரி. "அந்தப் பெரியவர் மட்டும் கை வைக்கக் கூடாது" என்பது மேனேஜர் போட்ட நிபந்தனை. சரி என்றேன். சத்துவாச்சாரியில் இருக்கும் இரண்டாவது கடை அந்தச் சரியிலிருந்து வந்ததுதான். நீங்கள் வருவதை நிறுத்தவில்லை. ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். யாராவது துணை கேட்டால், "நைனாவக் கேளுங்க" என்பீர்கள். கண்ணாடிச் சட்டம் சுவரோரம் தூசி படிந்து நின்றது. தினமும் வந்தவர் வாரத்தில் இரண்டு நாள் ஆனீர்கள், பிறகு வெள்ளிக்கிழமை மட்டும்.

மன்னிப்புக் கேட்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். எத்தனையோ டீ குடித்தோம். அதற்குப் பதிலாக உங்கள் முக்காலியை எடுத்துவிட்டு, முதுகு சாய்கிற நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். வியாபாரிக்குத் தெரிந்த வழி அது. நீங்கள் உட்கார்ந்து பார்த்து, "நல்லா கீது நைனா" என்றீர்கள்.

போன வருஷம், விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கபரஸ்தான் வாசலில் அந்த மேனேஜரும் நின்றார். "நல்ல மனுஷன்யா. அந்த மீன் விஷயம் ஒண்ணுதான்" என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த உங்கள் மகன் வீங்கின கண்ணோடு லேசாகச் சிரித்தான். "அவரு கைக்கு மீனே ஆகாது சார். வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் சொன்ன பொய்யை நீங்கள் உங்கள் வீட்டிலும் அப்படியே சொல்லி வைத்திருந்தீர்கள். உங்கள் வீட்டுக்குள் என் பேர் கெடாமல் இருக்க. மூன்று பிடி மண் போட்டேன். நேராகக் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன்.

பாபியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கணவனை இழந்தவர் இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களைப் பார்க்க மாட்டார். அது முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. அதற்குப் பிறகு ஆயுத பூஜை என்றேன், புதுச் சரக்கு என்றேன், முட்டி வலி என்றேன். போன வாரம்தான் போனேன்.

உங்கள் வீட்டுக் கூடத்தில், நான் கொடுத்த சின்னத் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். பாபி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கம்பெனித் தொட்டியில் பாய் எந்தப் பொடியும் போடவில்லை, நான் கொண்டுபோய் விட்ட மீன்தான் அந்த ஃபைட்டரைக் கடித்தது, பழியை அவர் மேல் போட்டவன் நான் என்று.

"அப்ப அவரு போடலியா?" என்றார்.

"போடல பாபி."

முந்தானை ஓரத்தைச் சுருட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

"பேத்தி பொறந்தப்ப, நாப்பது நாளு அவர புள்ளயத் தூக்கவே உடல நானு" என்றார். "வெளயாட்டுக்குத்தான். உங்க கை பட்டா மீனே நிக்காது, பச்சக் கொழந்த, தள்ளி நில்லுங்கன்னு சொல்லுவேன். அவரும் சிரிச்சிக்கினே ரெண்டு கையும் பின்னாடி கட்டிக்கினு குனிஞ்சி குனிஞ்சி பாப்பாரு." நிறுத்தினார். "அப்ப அவரு போடலியா?"

 சொன்னால் இறங்கிவிடும் என்று நினைத்துத்தான் போனேன் பாய். என் பாரம் குறையவில்லை, அந்த அம்மாவுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நாற்பது நாளை இனி அவர் என்ன செய்வார்?

"டீ ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன். வாசல்வரை வந்தவர், "என் புள்ளைக்கு இத நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம வர்றான், நீங்களே வந்து சொல்லுங்க. பேத்தி முன்னாடி சொல்லுங்க. அவளும் எங்க தாதா மீனு சாவடிச்சவருன்னு ஸ்கூல்ல சொல்லிக்கினு சிரிக்கிறா. அஞ்சு வயசாவுது, சொன்னா புரியும்" என்றார்.

மகனிடம் சொல்லிவிடுவேன். என்னை அடித்தாலும் சரி. மேனேஜரிடமும் ஒருநாள் போய்ச் சொல்வேன், அவருக்கு நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி சின்னதாக இருக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். காலையிலிருந்து அந்த ஒரு வேலைதான். "உங்க தாதா அந்தக் கம்பெனி மீன சாவடிக்கலம்மா" என்பதுவரை சுலபமாக வருகிறது. அடுத்து அவள், "அப்ப யாரு?" என்று கேட்பாள். குழந்தை, கேட்காமல் விடாது. வாயை வைத்தே பிழைத்தவன் நான். அந்த இரண்டு வார்த்தைக் கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு வாய் வர வேண்டும், பாய்.